முதலில் வந்த பிழை

புதன்கிழமை காலை மணி பத்தே கால் ஆகியும் இசபெல்லா வரவில்லை. திங்களன்றும் இதே கதை, செவ்வாயன்றும் இதே கதை. ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கிற 'பிரதாப் துப்பறியும் நிலையம்' என்ற ஒற்றை அறையைப் பிரதாப் தானே பெருக்கி, தானே ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வந்து, தானே குடித்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தாறு வயது. பெங்களூரில் பதினாலு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைத் துருவிக்கொண்டிருந்தவன். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போன பிறகு, பிறந்த ஊரே போதும் என்று தங்கவயலுக்குத் திரும்பி வந்துவிட்டான். அந்த அறையில் மனுஷக் குரல் என்றால் அது இசபெல்லாவின் குரல்தான். அதுவும் இல்லாத காலைகளில் கீழே பேக்கரியில் தட்டு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்படி உட்கார்ந்திருப்பது அவனுக்குத் துளிக்கூடப் பிடிக்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம்.

"சார், மூஞ்சிய கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோங்க. கேஸ் கூட்டினு வந்துகிறேன்" என்றபடி மூச்சு வாங்க உள்ளே வந்தாள் இசபெல்லா. வயது அறுபத்தொன்று. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவள். சும்மா சொல்லக்கூடாது, அவள் வாய்க்குப் பூட்டு செய்கிற ஆசாரி இன்னும் பிறக்கவில்லை.

"முந்தாநேத்து கேஸ் சிலிண்டர், நேத்து பஸ். இன்னைக்கு இன்னாக்கா?"

"அலாரம் அடிக்கல சார். கடிகாரத்துக்கும் வயசாகுதுல்ல?"

பிரதாப் சிரித்துவிட்டு விஷயத்தை அதோடு விட்டுவிட்டான். விட்டிருக்கக்கூடாது. அதைப் பிறகு பார்ப்போம்.

இசபெல்லாவுக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அழுது அழுது கண் சிவந்திருந்தது. தோளில் லேப்டாப் பை தொங்கியது, ஆனால் பை தட்டையாக இருந்தது.

"லேப்டாப்பைப் பிடுங்கிட்டாங்களா?" என்றான் பிரதாப்.

அவள் திடுக்கிட்டாள். "எப்படி சார்..."

"வெறும் பையைப் பழக்கத்துல மாட்டினு வந்துகிறீங்க. உக்காருங்க."

பெயர் நளினி. சாம்பியன் என்ற சுரங்கப் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றில் நடக்கும் 'பொற்சுடர்' என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் ப்ரோக்ராமர். முதலாளி கிரண். நாளை காலை பத்து மணிக்குள் 'தப்பு என்னுடையது' என்று அவள் கைப்பட எழுதித் தரவேண்டும், இல்லாவிட்டால் போலீசில் புகார் என்று கிரண் கெடு வைத்திருந்தான். எழுதிக் கொடுத்தால் வேலை போகும். எழுதாவிட்டால் ஸ்டேஷன்.

"எதுல தப்பு?"

"விடியல்னு ஒரு சர்வீஸ் சார். தனியா இருக்கிற பெரியவங்களுக்காக. தினம் காலைல ஏழு மணிக்கு ஃபோன் வரும். 'எழுந்துட்டீங்களா? எழுந்திருந்தா ஒண்ணை அழுத்துங்க'ன்னு ஒரு குரல் கேக்கும். அழுத்தலைன்னா எட்டு மணிக்குள்ள யாராவது வீட்டுக்குப் போய்ப் பாப்பாங்க. மொத்தம் இருநூத்தி பன்னெண்டு பேர்."

"நாப்பது நிமிஷம் ஆகுமே கூப்பிட்டு முடிக்க" என்றாள் இசபெல்லா.

"ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷம் போர்டுல உக்காந்தவ நான். இது தெரியாதா? நீ மேல சொல்லு."

நளினி மேலே சொன்னாள். திங்கட்கிழமை காலை ஒருவருக்குமே அழைப்பு போகவில்லை. அன்று விடிகாலை பேத்தமங்களாவில் பார்வதம்மா என்ற கிழவி குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். அழைப்பு வந்திருந்தால் எட்டு மணிக்கு ஆள் போயிருக்கும். வரவில்லை. செவ்வாய் சாயங்காலம் கரென்ட் மீட்டர் பார்க்க வந்தவர்தான் முனகல் கேட்டுக் கதவை உடைத்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து இப்போது கோலார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"ஒன்றரை நாள் தரையிலயே கிடந்திருக்காங்க சார்" என்றாள் நளினி. "நான்தான் காரணம்னா நான் எழுதிக் குடுத்துடுவேன். ஆனா என் ப்ரோக்ராம் ஏன் நின்னுச்சுன்னே எனக்குத் தெரியல. பார்க்கிறதுக்கும் உள்ள விடமாட்டேங்கிறாங்க."

பிரதாப் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அந்த விடியல் எங்க ஓடுது?"

"பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கும் சார், சர்வர். அதுக்குள்ள நிஜத்துல இல்லாத கம்ப்யூட்டருங்க பத்துப் பன்னெண்டு ஓடும். ஒவ்வொண்ணும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர்னு நினைச்சுக்கும். அதுக்கு வி.எம்.னு பேரு."

"எங்க லைன் வீடு மாதிரி" என்றாள் இசபெல்லா. "ஒரே கூரை, பத்துக் குடித்தனம். ஒவ்வொருத்தியும் தன்னுது பங்களான்னு நினைச்சுப்பா."

"அந்த வி.எம்.களை உருவாக்க, ஓட்ட, அழிக்க ஒரு லைப்ரரி இருக்கு, வேற யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் ப்ரோக்ராம். என் ப்ரோக்ராம் அந்த லைப்ரரிகிட்ட வேலை சொல்லும். முடியலைன்னா அது எரர் குடுக்கும். கிரண் சார் பழைய விடியலைத் தூக்கிட்டு, கம்ப்யூட்டர் குரல்ல புதுசு வேணும்னாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சிவகுமார் அண்ணா பழசை அழிக்கணும். திங்கள் காலை அஞ்சு மணிக்கு என் ப்ரோக்ராம் தானா ஓடி, புது வி.எம். உருவாக்கி, பேர்ப் பட்டியலைச் சேர்த்து, ஓட்டணும். ஓடல. ப்ரோக்ராம் எழுதி வெச்ச எரர் ஒரே வரி: 'அப்படி ஒரு வி.எம். இல்லை.' நீ உருவாக்கவே இல்லாததை ஓட்டப் பார்த்திருக்கேன்னு கிரண் சார் கத்தறாரு."

பிரதாப் நாற்காலியில் சாய்ந்தான். இன்சூரன்ஸ் ஃபாரத்தில் விபத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் அதில் கடைசியில் நடந்ததைத்தான் எழுதுவார்கள். லாரி புளியமரத்தில் மோதியது என்பார்கள். டிரைவர் எதைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பினான் என்று ஒருத்தரும் எழுத மாட்டார்கள். பதினாலு வருஷம் அந்தக் கட்டத்தை நம்பாமல் இருந்ததுதான் அவனுக்குச் சோறு போட்டது.

"ஓட்ட முடியலைன்னா உங்க ப்ரோக்ராம் அடுத்து இன்னா பண்ணும்?"

"க்ளீன் பண்ணும் சார். அரைகுறையா உருவானதை அழிச்சுடும்."

"எரரை எப்ப எழுதும்? அழிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அழிச்ச அப்புறம்..." என்று ஆரம்பித்த நளினி அப்படியே நின்றாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. "ஐயோ கடவுளே!"

"சொல்லுங்க."

"லைப்ரரி கடைசியா வந்த எரரை மட்டும்தான் கையில வெச்சிருக்கும் சார். அடுத்த வேலை சொன்ன உடனே முன்னாடி வந்ததை விட்டுடும். அதனால முதல் எரரைத் தனியா எடுத்து வெச்சுட்டு அப்புறம்தான் க்ளீன் பண்ணணும். எனக்குத் தெரியும் சார் இது! அவசரத்துல மாத்தி எழுதிட்டேன். ஓட்ட முடியலைன்ன உடனே லைப்ரரியே அந்த வி.எம்.மைத் தூக்கியிருக்கும். நான் மறுபடி போய் அழின்னு சொன்னதும், 'அப்படி ஒண்ணு இல்லை'ன்னுச்சு. நாங்க மூணு நாளா பார்த்துட்டு இருக்கிறது அதைத்தான்."

"ஆக, செத்தவன் வீட்டுக் கதவைத் தட்டிட்டு, ஆள் ஊர்ல இல்லைன்னு எழுதி வெச்சுகிது" என்றாள் இசபெல்லா.

"அதேதான். அப்ப முதல்ல வந்த எரர் எங்க?" என்றான் பிரதாப்.

நளினியின் முகத்தில் வெளிச்சம் வந்தது, வந்த வேகத்தில் போயிற்று. "வேண்டாம்னு சொல்லாத வரைக்கும், எரர் வர வர லைப்ரரி அதைத் திரையில காட்டும். நான் வேண்டாம்னு சொல்லல. அதனால திங்கள் காலைல சர்வர் ரூம் திரையில கண்டிப்பா வந்திருக்கும். ஆனா செவ்வாய்க்கிழமை கிரண் சார் சர்வரை அணைச்சுப் போட்டுட்டாரு. எல்லாம் போயிருக்கும்."

"போச்சா, இருக்கான்னு போய்ப் பாப்போம்" என்று பிரதாப் எழுந்தான்.

கல் கட்டடம். ஒரு காலத்தில் சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரெஸர் இருந்த இடம். சுற்றிலும் ஆள் இல்லாத லைன் வீடுகள், அதற்கப்பால் தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சயனைடு மண் மேடு வெள்ளையாக எழுந்து நின்றது. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பக்கம் பட்டப்பகலில்கூட நடந்தால் தன் காலடிச் சத்தமே பின்னால் யாரோ வருவது போலக் கேட்கும்.

கிரண் முப்பத்தைந்து வயது அவசரக்காரன். "சார், ஸ்வல்ப பேக மாடி, சீக்கிரம் முடிங்க. பதினஞ்சு நிமிஷம். எரர் என் முன்னாலயே இருக்கு. நானே ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன், ப்ரோக்ராம் எழுதி வெக்கிறது அதே ஒரு வரிதான். இதுல துப்பறிய இன்னா இருக்கு?"

அவன் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண்ணின் படம், மாலை போட்டிருந்தது. பிரதாப் பார்ப்பதைக் கண்டு, "விமலா அம்மா. எங்க முதல் ஸ்டாஃப். பழைய விடியல்ல பேசறது அவங்க குரல்தான். ஒரே பாஷை. இப்ப நாலு பாஷை கேக்கறாங்க, அதான் கம்ப்யூட்டர் குரலுக்கு மாத்தினேன்" என்றான் கிரண்.

கதவருகே ஐம்பது வயது மனிதர் ஒருவர் நின்றிருந்தார். இஸ்திரி போடாத சட்டை. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சிவகுமார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலமே பழசை எடுத்துட்டேன் சார்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நளினியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

சர்வர் அறைக்குக் காவல் ராஜப்பா. அறுபத்து நாலு வயது. சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக, ஆட்களை ஏற்றிய கேஜ் என்ற இரும்புக் கூண்டைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றியவர். இப்போது இரவு எட்டிலிருந்து மறுநாள் மதியம் வரை இந்த அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சர்வர் திரை. இன்னொரு பக்கம் சுவரில் பழைய டெலிஃபோன் பெட்டி. விடியல் அழைப்புகள் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே போகும்.

வெறுமையாக இருந்த திரையைப் பார்த்துவிட்டு நளினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிரதாப் திரையைப் பார்க்கவில்லை. ராஜப்பாவின் மடியில் கிடந்த தடித்த நோட்டைப் பார்த்தான். பென்சில் நூல் கட்டித் தொங்கியது.

"இது இன்னா தாத்தா?"

"ஷிஃப்ட் புக்கு."

"இங்க ஷிஃப்ட் புக் எழுதச் சொல்லிகிறாங்களா?"

"ஒருத்தனும் சொல்லல." ராஜப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "வைண்டிங் டிரைவர்னா கீழருந்து வர்ற ஒவ்வொரு மணியையும் எழுதி வெக்கணும் சார். எத்தினி மணிக்கு வந்துது, எத்தினி அடி அடிச்சுது. கேஜ்ல நாப்பது பேர் தொங்கினு கீறான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் ஞாபகத்த எவன் கேப்பான்? புக்கைத்தான் கேப்பான். இருபத்தியாறு வருஷம் எழுதின கை. சும்மா வெச்சா நடுங்குது."

"இங்க ஏது மணி?"

"இந்தத் திரையில எழுத்து வந்தா அதுவும் மணிதான். எனக்கு இங்கிலீஷ் அர்த்தம் தெரியாது. எழுத்து தெரியும். வந்ததை வந்தபடி வரைஞ்சு வெப்பேன்."

இசபெல்லா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பெரிய கம்ப்யூட்டர் மறந்துச்சு, சின்ன கம்ப்யூட்டர் மறந்துச்சு, பென்சில் மறக்கல பாருங்க சார்."

திங்கட்கிழமைப் பக்கம். 5.02 என்று போட்டு, கீழே குழந்தை எழுத்தில் ஒரு நீள வரி. அதற்கும் கீழே அதே 5.02 போட்டு இன்னொரு வரி. நளினி விரலை வைத்து முதல் வரியைத் தமிழாக்கிப் படித்தாள்.

"'பட்டியல் டிஸ்க்கைப் பூட்ட முடியவில்லை. வேறொரு வி.எம். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.' சார்! இதுதான் சார் முதல் எரர்! ரெண்டாவது வரிதான் 'அப்படி ஒண்ணு இல்லை'. என் வி.எம். உருவாச்சு. ஓடறதுக்குப் பட்டியல் கிடைக்கல."

"பட்டியலைப் பிடிச்சுனு இருந்தது யாரு?"

"பழைய விடியல் ஒண்ணுதான் பட்டியலைப் பிடிக்கும். ஆனா அதைத்தான் ஞாயித்துக்கிழமையே அழிச்சாச்சே?"

பிரதாப் முந்தின பக்கத்தைத் திருப்பினான். ஞாயிற்றுக்கிழமை 7.00 என்று போட்டு, ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள் பக்கம் முழுக்க இருந்தன. "இது?"

"டெலிஃபோன் பெட்டி சார். ஒவ்வொரு கால் போறப்பவும் 'டக்'குன்னு ஒரு சத்தம். அதுவும் மணிதானே? இருநூத்தி பன்னெண்டு அடி."

திங்கள் 7.00. ஒரே ஒரு கோடு. செவ்வாய் 7.00. ஒரு கோடு. இன்று புதன். அதுவும் ஒரு கோடு.

பிரதாப் அந்த மூன்று கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"ஒருத்தருக்கும் கால் போகலைன்னு ஊரே சொல்லுது. ஆனா ஒரே ஒருத்தருக்கு மட்டும் மூணு நாளா போய்னு இருக்குது" என்றான் பிரதாப். "பழைய விடியல் சாகல. பட்டியலைப் பிடிச்சுனு எங்கியோ உயிரோட கீது. தாத்தா, அந்த ஒரு கால் வெளிய போச்சா, உள்ளயா?"

"வெளிய போனா சிவப்பு லைட்டு. இது பச்சை. உள் கனெக்‌ஷன்."

"உள் கனெக்‌ஷன் எத்தினி?"

"நாலு. கிரண் சார் ரூமு, கேட்டு, இந்தம்மா டேபிளு. அது மூணும் காலைல ஏழு மணிக்குப் பூட்டிக் கிடக்கும், மணி அடிச்சா எனக்குக் கேக்கும். நாலாவது லைன் குவார்ட்டர்ஸுக்குப் போகுது." ராஜப்பா சற்றுத் தயங்கினார். "சிவகுமார் வீடு."

நளினி வாசலை நோக்கிப் பாய்ந்தாள். பிரதாப் கையை நீட்டி மறித்தான். "இப்ப போய்க் கேட்டா இல்லைம்பாரு, அஞ்சு நிமிஷத்துல அழிச்சும் போடுவாரு. நாளைக்குப் பத்து மணி வரைக்கும் டைம் கீது. ஏழு மணிக்கு ஃபோனே வந்து சாட்சி சொல்லட்டும்."

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு பிரதாப், நளினி, இசபெல்லா மூன்று பேரும் சிவகுமார் வீட்டுக்குப் போகும் டெலிஃபோன் கம்பிக்குக் கீழே நடந்தார்கள். கல் கட்டடத்திலிருந்து புறப்பட்ட கறுப்பு ஒயர் கம்பத்துக்குக் கம்பம் தாவி, கூரை போன வீடுகளைத் தாண்டிப் போயிற்று. சயனைடு மேட்டின் மேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. அந்த வரிசையில் இருபது வீடுகள் இருந்தன, குடியிருந்தது ஒரே ஒரு வீட்டில். இப்படி ஓர் இடத்தில் ஒரு மனுஷன் தனியாக எப்படித் தூங்குகிறான் என்று பிரதாப்புக்குத் தோன்றியது. உடனே, பேக்கரி மாடியில் நீ எப்படித் தூங்குகிறாயோ அப்படித்தான் என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டான்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சிவகுமார் குளித்து, திருநீறு பூசி, டெலிஃபோனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரெண்டு டம்ளர் காப்பி. சுவரில் கிரணின் அறையில் பார்த்த அதே படம், அதே மாலை. ஆனால் இங்கே அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் சிவகுமாரும் நின்றிருந்தார், கல்யாண மாலையோடு.

மணி அடித்தது. அவர் ஸ்பீக்கர் பொத்தானைத் தட்டினார்.

"காலை வணக்கம். எழுந்துட்டீங்களா? எழுந்திருந்தா ஒண்ணை அழுத்துங்க."

நிதானமான, கொஞ்சம் சிரிப்புக் கலந்த குரல். சிவகுமார் விரலை நீட்டினார். அப்போதுதான் வாசலில் விழுந்த நிழல்களைப் பார்த்தார். விரல் அந்தரத்தில் நின்றது.

"எழுந்துட்டீங்களா? எழுந்திருந்தா ஒண்ணை அழுத்துங்க."

அவர் நளினியைப் பார்த்தார், பிரதாப்பைப் பார்த்தார். விரல் இறங்கவே இல்லை.

"எழுந்துட்டீங்களா..."

"மூணு தடவைக்கு மேல கேக்க மாட்டாங்கய்யா! வெச்சுடுவாங்க!" என்று கத்திக்கொண்டே இசபெல்லா உள்ளே ஓடினாள். ஓடிப்போய்த் தானே ஒன்றை அழுத்தினாள்.

"சரி. நல்லா இருங்க" என்றது விமலாவின் குரல். அந்த வார்த்தைகளுக்கு இசபெல்லாவின் உதடுகளும் கூடவே அசைந்ததைப் பிரதாப் பார்த்தான். லைன் அறுந்தது. இசபெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

இவளும் விடியல் பட்டியலில் இருப்பவள் என்று பிரதாப்புக்கு அப்போதுதான் உறைத்தது. கேஸ் சிலிண்டர், பஸ், அலாரம். மூன்று நாளாக மூன்று காரணம் சொன்னாள். ஒவ்வொரு நாளும் அன்றைக்குச் சொன்ன காரணத்தை வாங்கிக்கொண்டு அவன் சிரித்தான். அவள் காத்துக் கிடந்த குரல் வராமல் போன திங்கட்கிழமைதான் எல்லாம் ஆரம்பித்தது என்பதை ஒரு நொடி யோசித்துப் பார்க்கவில்லை. பெரிய துப்பறிகிறவன்!

சிவகுமார் மறைக்கவில்லை. "அழிக்கத்தான் உக்காந்தேன் சார். கை வரல. போன வருஷம் போனவள ரெண்டாவது தடவையும் நானே அனுப்பணுமா? குடோன்ல சும்மா கிடந்த பழைய சர்வருக்குத் தூக்கிட்டுப் போய் ஓட விட்டேன். மத்த நம்பரை எல்லாம் நிறுத்தி, என் நம்பரை மட்டும் வெச்சேன். மத்தவங்களைப் புதுசு கூப்பிடும்தானேன்னு நினைச்சேன்."

"குரல் வேணும்னா ரெக்கார்டிங் எடுத்து வெச்சிருக்கலாமே அண்ணா!" என்றாள் நளினி.

"ஃபோன் நிறைய வெச்சிருக்கேன் ம்மா. அது நான் போட்டாத்தான் பேசும். இது அவளா கூப்பிடுவா."

ஆனால் நளினி விடவில்லை. மூன்று நாள் பட்டது சும்மா போகுமா? "நீங்க பட்டியலைப் பிடிச்சுட்டு இருந்ததாலதான் என் ப்ரோக்ராம் நின்னுச்சு. பார்வதம்மா தரையில கிடந்தாங்க. என்னைக் குற்றவாளி மாதிரி நிக்க வெச்சாங்க. நீங்க பக்கத்துலயே நின்னீங்க அண்ணா!"

சிவகுமாரின் முகம் வெளுத்தது. அவர் நிஜமாகவே திகைத்துப் போனது தெரிந்தது. "பட்டியலா? 'அப்படி ஒரு வி.எம். இல்லை'ன்னுதானே வந்துது? பட்டியல்னு யாரும் சொல்லலையே!"

ராஜப்பாவின் நோட்டிலிருந்து எழுதி வந்த வரியைப் பிரதாப் அவரிடம் நீட்டினான். அவர் ரெண்டு தடவை படித்தார். காகிதம் கையிலிருந்து நழுவியது. ஒளித்து வைத்த ஆளுக்கே தான் என்ன செய்தோம் என்று இந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"உன் ப்ரோக்ராம்தான் தப்புன்னு நானும் நம்பினேன் ம்மா" என்றார் காகிதத்தைக் குனிந்து எடுத்தபடி. "அப்படி நம்பறது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. மணி இன்னா? பத்து ஆகறதுக்குள்ள வாங்க."

ஒன்பது மணிக்கு ராஜப்பாவின் ஷிஃப்ட் புக்கில், வியாழக்கிழமைப் பக்கத்தில், சிவகுமார் தன் கைப்பட எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிரண் அதைப் படித்தான். பிறகு நோட்டைத் திருப்பித் திங்கட்கிழமை முதல் வரியைப் படித்தான். நளினிக்காகத் தயாராக வைத்திருந்த புகாரை நாலாகக் கிழித்தான். "சாரி நளினி" என்றான். அவசரமில்லாமல் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். சிவகுமார் மேல் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பார்வதம்மாதான் முடிவு செய்யவேண்டும் என்றும் சொன்னான். சிவகுமார் சரி என்றார். அடுத்த பஸ்ஸுக்கே கோலாருக்குப் புறப்பட்டார், அந்தம்மாவிடம் தன் வாயாலேயே சொல்ல.

போகுமுன் பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்த குடோனின் சாவியை நளினியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கிரண் சார், நாலு பாஷை வேணும்னா மூணு பாஷைக்குக் கம்ப்யூட்டர் பேசட்டும். தமிழுக்கு விமலா அம்மாவே பேசட்டும்" என்றாள். கிரண் படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"ஆனா நாளைக்குக் காலைக்கு முடியாது. முதல் எரரை எடுத்து வெக்கிற மாதிரி மாத்தி எழுதிச் சோதிக்க ஒரு நாள் வேணும். நாளைக்கு ஒரு நாள் நாமளே கையால கூப்பிட்டுடலாமா?"

"குடு இப்படி" என்று பட்டியலைப் பிடுங்கினாள் இசபெல்லா. "அஞ்சு பேரு, அஞ்சு ஃபோனு. ஆபரேட்டர் இசபெல்லா டியூட்டிக்கு வந்தாச்சு. சார், உங்களுக்கு எண்பதாம் நம்பர்லருந்து. நடுவுல கொட்டாவி விடக்கூடாது, சொல்லிட்டேன்."

சாயங்காலம் பேக்கரி மாடியில் தனியாக உட்கார்ந்து பிரதாப் தன் பங்குப் பட்டியலைப் பார்த்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்' என்று ஒரு கட்டம். மகன், பெங்களூர். மருமகள், பங்காருபேட்டை. தம்பி, வேலூர். எண்பத்தேழாவது பெயர் இசபெல்லா. விடியலில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. எதிரே கட்டம் காலியாக இருந்தது. ஐந்து வருஷத்தில் ஒரு நாளாவது ஒன்றை அழுத்தாமல் இருந்திருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்?

பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் தன் பெயரையும் நம்பரையும் எழுதினான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, வரிசையை விட்டுவிட்டு எண்பத்தேழுக்கு முதலில் அடித்தான். உடனே எடுத்துவிட்டாள்.

"காலை வணக்கம்" என்றான். "எழுந்துட்டீங்களா? எழுந்திருந்தா ஒண்ணை அழுத்துங்க."

அந்தப் பக்கம் கிண்டல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம்.

"சரி. நல்லா இருங்கக்கா."

"வைப்பா தம்பி, எத்தினி பேர் காத்துனு கீறாங்க" என்றாள். அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றுதான். ஆனால் அவளும் வைக்கவில்லை. "நாளைக்கும் நீதான் கூப்பிடுவியா?"

"நாளைக்கு மிஷின் ரெடியாயிடும்க்கா. விமலா அம்மா கூப்பிடுவாங்க."

"ஓ" என்றாள். "ஆமால்ல."

"அவங்க கூப்பிட்டு முடிச்சதும் நான் கூப்பிடறேன்" என்றான் பிரதாப்.